கோப்பிக்கடையின் பூர்வோத்தரம்

சிங்கப்பூரிலோ பினாங்கிலோ காலை ஏழு மணிக்கு மூலைக் கோப்பிக்கடை ஒன்றில் போய் உட்கார்ந்து, பாலும் சர்க்கரையும் சேராமல் ஐஸ் போட்ட காப்பி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், ‘கோப்பி ஓ கோசோங் பெங்’ என்று சொன்னால் போதும். இதில் ‘கோப்பி’ மலாய்ச் சொல். கறுப்பைக் குறிக்கும் ‘ஓ’ ஹொக்கியன் சீனம். ‘கோசோங்’ என்றால் மலாயில் வெறுமை. ‘பெங்’ என்றால் மறுபடி ஹொக்கியனில் பனிக்கட்டி. கடைக்கு வழங்கும் ‘கோப்பித்தியாம்’ என்ற பெயரிலும் இதே கதைதான்: முன்பாதி மலாய், கடை என்று பொருள்படும் ‘தியாம்’ ஹொக்கியன். மைலோ என்னும் சாக்லேட் பானம் வேண்டுமானால் ‘தாக் கியூ’, அதாவது ‘பந்து உதை’ என்று கேட்கிறவர்களும் உண்டு. டின்னின் மேல் பந்து உதைக்கும் படம் இருந்ததுதான் அதற்குக் காரணம். இவ்வளவு பாஷைகள் புழங்கும் இந்தக் கடைகளை ஆதியில் நடத்தியவர்களோ பெரும்பாலும் மலாய்க்காரரும் அல்லர், ஹொக்கியரும் அல்லர். சீனாவின் தென்கோடியிலுள்ள ஹைனான் தீவிலிருந்து எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவனுக்கு மிஞ்சியது என்னவோ, அதிலிருந்துதான் மலாயாவின் கலப்புச் சமையல் முழுவதும் பிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

1819இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைத்த நாளிலிருந்து சீனர்கள் அலையலையாக வந்தார்கள். ஹொக்கியர் வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தியோச்சூக்கள் மிளகுத் தோட்டங்களிலும் காம்பியர்த் தோட்டங்களிலும் இறங்கினார்கள். கண்டோனியரும் ஹக்காக்களும் ஈயச் சுரங்கங்களுக்கும் கைத்தொழில்களுக்கும் போனார்கள். ஹைனான் தீவின் துறைமுகமோ 1858ஆம் வருஷத்துத் தியென்சின் உடன்படிக்கையில்தான் அந்நியர் வர்த்தகத்துக்குத் திறக்கப்படுவதாக ஏற்பாடாயிற்று. ஆகவே அத்தீவார் கூட்டமாகக் கப்பலேறி வந்தபோது லாபமுள்ள தொழில்களுக்கெல்லாம் சொந்தக்காரர் ஏற்பட்டிருந்தனர். வேறு பாஷைக்காரரை அண்டவிடாத சங்கங்களும் அவற்றைக் காவல் காத்தன. எஞ்சியிருந்தது துரைமார் பங்களாக்களின் அடுக்களை. அதோடு கப்பல், ஹோட்டல், ராணுவ முகாம் ஆகியவற்றின் அடுக்களைகள். சிங்கப்பூரில் மிடில் ரோடு, பர்விஸ் ஸ்ட்ரீட், சீ ஸ்ட்ரீட் என்ற மூன்று தெருக்களை அவர்கள் ஹைனான் முதல் தெரு, இரண்டாம் தெரு, மூன்றாம் தெரு என்று தங்கள் கணக்கில் வைத்துக்கொண்டு, அங்கே குடியிருந்தபடி, 1887இல் ஏற்பட்ட ராஃபிள்ஸ் ஹோட்டலுக்கும் மற்ற இடங்களுக்கும் வேலைக்குப் போய் வந்தார்கள். அந்த ஹோட்டலின் பிரசித்திபெற்ற ‘சிங்கப்பூர் ஸ்லிங்’ என்னும் பானத்தைச் சேர்த்துக் கொடுத்தவராகச் சொல்லப்படும் நியாம் தோங் பூன் ஒரு ஹைனானியரே.

துரைசானி ஒருத்தி, தன் தாய்நாட்டுக் கோழிக்கறியையும் ஆட்டு ஸ்டூவையும் இந்த வெப்பப் பிரதேசத்தில் சாப்பிட வேண்டுமென்று பிடிவாதமாக நின்று, பாஷை தெரியாத சமையற்காரனுக்குக் கைஜாடையாலும் அரைகுறை மலாயாலும் அதைக் கற்பித்த காட்சியை நினைத்துப் பார்க்கலாம். அவன் கற்றுக்கொண்டான், ஆனால் அவன் நாக்கு அவனுடையதாகவே இருந்தது. குழம்பு சப்பென்றிருந்தால் யாரும் பார்க்காதபோது இரண்டு சொட்டு சோயா விட்டிருப்பான். சீன, மலாய்ப் பழக்கங்கள் கலந்த பெரானாக்கான் என்ற பாபா–நோன்யா குடும்பங்களில் வேலைக்கு அமர்ந்தவனோ, தேங்காய்ப்பால் விட்ட கறியைக் கற்றுக்கொண்டான். ஆக, ஒரே தீவுக்காரன் ஆங்கிலேயர் வீட்டில் ஒரு ருசியையும் நோன்யா வீட்டில் ஒரு ருசியையும் சமைத்துவிட்டு, ராத்திரி தன் தெருவுக்குத் திரும்பி அரிசிச் சோறு தின்றான். இந்த மூன்றும் ஒரே தட்டில் வந்து சேர, அவனுக்கென்று சொந்தமாக ஒரு கடை வேண்டியிருந்தது.

சில கடைகள் முன்னமே முளைத்திருந்தன. சிங்கப்பூர் கில்லினி சாலைக் கடை 1919இலும், கோலாலம்பூரில் பத்து ரோடு என்று அந்நாளில் வழங்கிய வீதியில் கொலீசியம் கஃபே 1921இலும், அதே ஊரில் யூட் கீ 1928இலும் தோன்றியவை. ஆயினும் கடைகள் தெருவுக்குத் தெரு பெருகியதற்குக் காரணம் 1930களின் மந்தம்தான். ரப்பர் விலை விழுந்தது. துரைமார் பலர் மூட்டை கட்டினார்கள். பங்களாவில் வேலை குறைந்தது. கடைவீடுகளின் வாடகையும் இறங்கியது. 1933இல் வந்த அந்நியர் சட்டம் ஆண்கள் வந்திறங்குவதைக் கட்டுப்படுத்திப் பெண்களை விட்டுவிட்டதால், கண்டோனியப் பணிப்பெண்கள் வீட்டுவேலைக்கு ஏராளமாக வந்து சேர்ந்தார்கள். வேலை போன சமையற்காரன் கையிருப்பைச் சேர்த்து, ஊர்க்காரர் இருவரைப் பங்குக்குச் சேர்த்து, வாடகை மலிந்த மூலைக்கடையைப் பிடித்தான். ஊரெல்லாம் கஷ்டப்பட்ட காலத்தில்தான் அந்த ஊருக்குச் சாப்பாட்டுக்கடை கிடைத்தது.

கடையின் அமைப்பை இன்றும் பழைய கடைகளில் அப்படியே பார்க்கலாம். வட்டமான பளிங்குப் பலகை போட்ட மேஜை. சிந்தினால் ஒரு துடைப்பில் போய்விடும், கை வைத்தால் குளிர்ச்சியாகவும் இருக்கும். சுற்றிலும் வளைத்த மரத்தால் செய்த கருநிற நாற்காலிகள். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தவை. தலைக்கு மேல் மெள்ளச் சுழலும் விசிறி. தெரியாதவருடன் ஒரே மேஜையில் உட்காருவது அங்கே குற்றமல்ல, சம்பிரதாயம்.

காப்பியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் நம்மவர் வேர்வையும் கொஞ்சம் கலந்திருக்கிறது. இலங்கையின் காப்பித் தோட்டங்களில் 1869இல் இலைத்துரு நோய் தோன்றி, சில வருஷங்களில் அவை பாழானபோது, கைநொடித்த துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து சிலாங்கூர் பக்கத்தில் காப்பி பயிரிட்டார்கள்; அந்தக் காட்டை வெட்டிக் கன்று நட்டவர்களில் தமிழ்க் கூலிகள் பலர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியில் பிரேசில் காப்பி மலிந்து விலை சரியவே, அதே தோட்டங்களில் ரப்பர் ஏறிக்கொண்டது. பிறகு கோப்பிக்கடைக்காரனுக்குக் கிடைத்தது அண்டைத் தீவுகளிலிருந்து வந்த மலிந்த ரொபஸ்டாக் கொட்டை. அதன் கரகரப்பை மறைக்க அவன் ஓர் உபாயம் செய்தான்: கொட்டையைச் சர்க்கரையோடும் வெண்ணெயோடும், பிற்காலத்தில் மார்ஜரினோடும், கருமை பளபளக்கும்வரை வறுத்தான். நம் கும்பகோணத்துக் காப்பிக்கு அடிப்படை பசும்பால். அங்கே பசும்பால் அருமை. ஆகவே டின்னில் அடைத்த கெட்டிப்பாலைக் கிண்ணத்தின் அடியில் விட்டு, மேலே காப்பியை ஊற்றினான். பித்தளை ஃபில்டர் பழக்கமில்லாததால், நீண்ட துணிப்பை ஒன்றில் தூளைப் போட்டு, மூக்கு நீண்ட தகரக் கெண்டிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி இறக்கினான். அந்தத் துணிப்பைக்குச் செல்லப் பெயர் ‘காலுறை’! பெயரைக் கேட்டு நான் முகம் சுளித்ததும், குடித்தபின் இன்னொன்று கேட்டதும் ஒரே காலையில் நடந்தவை.

காலியான பால் டின்னையும் அவன் எறியவில்லை. வீட்டுக்குக் காப்பி வாங்கிப்போகிறவர்களுக்கு அதிலேயே ஊற்றி, விளிம்பில் துளையிட்டு, சணல் கயிறு கோத்துக் கொடுத்தான். மலாயாவில் வளர்ந்த முதியவர்கள், சிறுவயதில் தகப்பனாருக்கு அவ்வாறு டின்னைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்ததையும், வழியில் ஓரிரண்டு வாய் உறிஞ்சியதையும் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

உணவில் முதன்மையானது ‘சிக்கன் சாப்’. பெயர் ஆங்கிலம். ஆனால் எந்த ஆங்கிலேயரும் தம் ஊரில் இதைச் சாப்பிட்டிருக்க மாட்டார். எலும்பு நீக்கிய கோழித்தொடையைத் தட்டையாக்கி, முட்டையும் மாவும் தோய்த்துப் பொரித்து, அதன்மேல் வெங்காயம், தக்காளி, பச்சைப்பட்டாணி, உருளைக்கிழங்கு போட்ட பழுப்புக் குழம்பை ஊற்றுகிறார்கள். அந்தக் குழம்பில் இங்கிலாந்தின் வூஸ்டர் சாஸும் சீனத்துச் சோயாவும் சம்பந்திகளைப்போல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. பன்றி இறைச்சிச் சாப்புக்கு ரொட்டித்தூளுக்குப் பதிலாகக் ‘கிரீம் கிராக்கர்’ பிஸ்கட்டை நொறுக்கிப் பூசுவார்கள். ஒரு பழைய கடையில், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முதியவரிடம், “அங்கிள், பிஸ்கட் ஏன்?” என்று என் நண்பர் மூலமாக மலாயில் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “அண்ணே,” என்று தமிழில் கூப்பிட்டுவிட்டு, மலாயில் பதில் சொன்னார்: பிஸ்கட் டின்னின் அடியில் எப்போதும் நொறுங்கியது கிடக்கும், அதை எந்த வாடிக்கைக்காரர் வாங்குவார்? ஏதாவது தத்துவம் வரும் என்று காத்திருந்த எனக்குச் சிறிது வெட்கமாகப் போயிற்று.

காயா என்னும் தேங்காய்ப்பால்–முட்டை ஜாமுக்கும் வரலாறு உண்டு. போர்த்துக்கீசியர் மலாக்காவில் விட்டுப்போன முட்டை இனிப்பின் வம்சம் அது என்பது ஒரு கட்சி. நோன்யா வீடுகளில் தாழையினத்துப் பாண்டான் இலையால் அது பச்சையாக இருக்கும். ஹைனானியர் சர்க்கரையைக் கருக்கிப் பழுப்பாக்கினார்கள். கரி அடுப்பில் வாட்டிய ரொட்டிக்குள் அதையும் கத்தியால் சீவிய குளிர்ந்த வெண்ணெய்த் துண்டையும் வைத்துக் கடிக்கையில், ஒன்று உருகத் தொடங்கும், மற்றது உருகியிராது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் கூட்டம். கூடவே வரும் அரைவேக்காட்டு முட்டை இரண்டையும் சாஸரில் உடைத்து, சோயா விட்டு, வெள்ளைமிளகுத்தூள் தூவி, சாஸரை வாய்க்கு உயர்த்தி உறிஞ்ச வேண்டும். எனக்கு இது முதல் தடவையில் கைகூடவில்லை, சட்டை சாட்சி.

இனி அஞ்சடிக்கு வருவோம். கடைவீடுகளுக்கு முன்னால் மழையும் வெயிலும் படாமல் நடக்க ஒரு தாழ்வாரம் விட வேண்டுமென்று 1822இல் ராஃபிள்ஸ் நகர அமைப்புக் குழுவுக்கு உத்தரவிட்டார். அதுவே மலாயில் ‘காக்கி லீமா’, நம்மவர் வாயில் ‘அஞ்சடி’. கடைக்குள் ஹைனானியர் அடுப்பு எரிந்தபோது, அஞ்சடியிலும் அதை ஒட்டிய சந்திலும் தமிழ் முஸ்லிம்களின் அடுப்பு எரிந்தது. கடையநல்லூர், தென்காசி, ராமநாதபுரக் கடற்கரை என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். ‘மாமா’ என்று மரியாதையாகக் கூப்பிட்டதே ‘மாமாக்’ என்று அவர்களுக்கு இனப்பெயராக நின்றுவிட்டது. தோளில் காவடித்தண்டு தாங்கிப் பினாங்குத் துறைமுகத் தொழிலாளிகளுக்குச் சோறும் கறியும் விற்றவர்களின் உணவு, தண்டின் மலாய்ப் பெயரால் ‘நாசி காண்டார்’ ஆயிற்று. 1907இல் தொடங்கிய ஹமீதியா இன்றும் காம்பெல் வீதியில் நடக்கிறது. இவர்கள் சீனனுடைய ‘மீ’ என்னும் மஞ்சள் நூடுல்ஸை வாங்கி, மிளகாய் அரைப்பும் தக்காளியும் அவித்த உருளைக்கிழங்கும் தோஃபுவும் சேர்த்துப் பெரிய இரும்புச் சட்டியில் புரட்டி ‘மீ கோரேங்’ ஆக்கினார்கள். கடையநல்லூரில் யாரும் அதைக் கண்டதில்லை, சீனாவிலும் கண்டதில்லை. பினாங்கின் பங்காக் சந்தில் சீனர் கோப்பிக்கடைக்குள்ளேயே தமிழ் முஸ்லிமின் மீ கோரேங் சட்டி இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். காப்பி ஒரு கையிலிருந்து வருகிறது, மீ மற்றொரு கையிலிருந்து வருகிறது, காசும் தனித்தனி. அவ்வூரில் ‘ரொட்டி பெங்காலி’ என்று ஒரு ரொட்டி உண்டு. வங்காளிகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைச் சுட்ட தமிழ் முஸ்லிம்கள் பங்குதாரர்களாக இருந்ததால் ‘பங்காளி ரொட்டி’ என்றது மருவிற்று என்று ஒரு கதை வழங்குகிறது. பங்காளி என்றால் நம் ஊரில் வழக்கு நினைவுக்கு வரும். அங்கே ரொட்டி நினைவுக்கு வருகிறது.

1949இல் சிங்கப்பூரில் ‘ரீடிஃப்யூஷன்’ என்னும் கம்பி வானொலி வந்தபின், கோப்பிக்கடை சபையும் ஆயிற்று. லீ தாய் சோர் கண்டோனிய மொழியில் கதை சொல்லும் நேரத்தில், ஒரே ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தவர்களை முதலாளி விரட்டவில்லை. இதற்கிடையே ஃபூச்சோ சீனர்கள் பல கடைகளை வாங்கினார்கள். 1970களிலும் 80களின் முற்பகுதியிலும் சிங்கப்பூர்த் தெருவோரக் கடைகளெல்லாம் கூரை போட்ட உணவங்காடிகளுக்குப் போயின. அந்த அங்காடிக் கலாசாரத்தை 2020இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. மலேசியாவின் காலையுணவுப் பழக்கத்தை 2024இல் சேர்த்தது. பழைய கடைவீடுகளில் இப்போது புதுக் கஃபேக்கள் வந்திருக்கின்றன. மீயில் இத்தாலியப் பாலாடைக்கட்டியைத் தூவி, ‘ஃபியூஷன்’ என்று பலகையில் எழுதி, பளிங்கு மேஜையையும் பழமைக்காக எங்கிருந்தோ தேடி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ருசி மோசமில்லை. ஆனால் எதை எதனோடு சேர்த்தோம் என்று பரிசாரகர் பத்து நிமிஷம் விளக்கும்வரை குழம்பு ஆறிப்போகிறது.

பிஸ்கட் விஷயம் சொன்ன முதியவரின் கடையில் புறப்படும்போது ஒரு கோப்பி ‘புங்குஸ்’ கேட்டேன். கட்டிக் கொடுப்பதற்கு அங்கே அதுதான் சொல். மேஜையில் கிடந்த கிண்ணங்களையும் சாஸர்களையும் கண்ணாலேயே எண்ணிக் கணக்கு முடித்துவிட்டு, பால் டின் இல்லாத இந்தக் காலத்துக்கேற்ப ஒரு பிளாஸ்டிக் பையில் காப்பியை ஊற்றி, ஒரு மூலையில் உறிஞ்சுகுழல் செருகி, மறுமூலையில் நூலால் வளையம் போட்டு நீட்டினார். வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். நிறுத்தம் வருவதற்குள் பாதி தீர்ந்துவிட்டது.