76 சென்டிமீட்டர் கதவும் 30,000 பவுண்டும்

கோலியர்ஸ் வுட் சுரங்க ரயில் நிலையம் 1926 செப்டம்பர் 13 அன்று திறக்கப்பட்டது. சார்லஸ் ஹோல்டன் வடிவமைத்த வெள்ளைக் கல் முகப்பு தென் லண்டனுக்குப் புதுமையாக இருந்தது. நகரும் படிக்கட்டுகள் பயணிகளைப் பூமிக்கடியில் இறக்கின, லிஃப்ட் வைக்கப்படவில்லை. மோர்டன் வரை அந்தப் பாதையை நீட்டியவர்களின் எண்ணத்தில் சக்கர நாற்காலியில் வரும் பயணிக்கு இடமில்லை. நிலையத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் வீடு கட்டியவர்களும் அப்படி ஒருவரை எண்ணிப் பார்க்கவில்லை.

வாண்டில் ஆற்றின் ஓட்டத்தை நம்பி சாயப்பட்டறைகளும் துணி அச்சிடும் ஆலைகளும் நடந்த பகுதி இது. வில்லியம் மோரிஸ் 1881-இல் தம் பட்டறையை மெர்டன் அபிக்குக் கொண்டுவந்தார். அதன் அருகிலிருந்த துணி அச்சுக்கூடம் 1904-இல் லிபர்ட்டி நிறுவனத்தின் கைக்குப் போனது. உழைக்கும் குடும்பங்களுக்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஒட்டுச் சுவர் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. எல்லாவற்றுக்கும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வாசலில் ஒன்றிரண்டு படி, உள்ளே ஒடுங்கிய நடை, பக்கவாட்டில் முன்னறையும் பின்னறையும், கடைசியில் சமையலறை. நடையிலிருந்தே செங்குத்தாக மாடிப்படி ஏறும். கழிப்பறை கொல்லையில் இருந்தது. குளியலறை பிற்காலத்தில் வந்தது, அதுவும் பெரும்பாலும் மாடியில்.

அந்த நடையில் சக்கர நாற்காலியை உருட்டிப் பார்த்தால் சிக்கல் முழுவதும் விளங்கிவிடும். இத்தகைய வீடுகளின் உள்கதவு பொதுவாக 76 சென்டிமீட்டர் அகலம். நிலையும் திறந்த கதவின் கனமும் போக அதற்கும் குறைவாகவே வழி கிடைக்கும். சாதாரண நாற்காலி 63 சென்டிமீட்டருக்கு மேல், சக்கரத்தைத் தள்ளும் கைகளுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். நேராகப் போகிறவர் எப்படியோ புகுந்துவிடுவார். 90 சென்டிமீட்டர் நடையிலிருந்து பக்கத்து அறைக்குள் திரும்புகிறவருக்குக் கதவு வழி 80 சென்டிமீட்டராவது வேண்டும் என்கிறது இன்றைய ஆங்கிலேயக் கட்டட விதி. நூறு வயதைத் தாண்டிய வீடு அந்த நான்கைந்து விரல்கடை அகலத்தைத் தருவதில்லை.

இந்த வீடுகளுக்குள் சக்கர நாற்காலி வந்த கதையில் போருக்குப் பெரிய பங்குண்டு. முதல் உலகப்போர் கை கால் இழந்த ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பியது. அவர்களுக்கு வீடு தர முன்வந்தவை பெரும்பாலும் அறக்கட்டளைகளே. தளபதி டக்ளஸ் ஹேக் 1928-இல் இறந்தபின் அவர் நினைவாக ஹேக் இல்லங்கள் தொடங்கப்பட்டன. அவற்றின் பெரிய குடியிருப்பு ஒன்று கோலியர்ஸ் வுட்டுக்கு அருகிலுள்ள மோர்டனில், கிரீன் லேன் தெருவில், கட்டடக் கலைஞர் கிரே வோர்னம் வடிவமைப்பில் எழுந்தது. நல்ல வேலைதான், இன்றும் நடக்கிறது. ஆனால் அந்த உதவி படைவீரர்களுக்கானது. போலியோ தாக்கிய சிறுமிக்கும் சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாருக்கும் அதில் இடமில்லை.

அடுத்த போர் இன்னொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த மருத்துவர் லுட்விக் குட்மன் 1944-இல் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுக் காயப் பிரிவைத் தொடங்கினார். அதுவரை முதுகுத்தண்டு முறிந்தவர்களில் மிகப் பலர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில மாதங்களிலேயே இறந்துபோவார்கள். குட்மன் அவர்களைப் பிழைக்கவைத்தார், விளையாடவும் வைத்தார்; 1948-இல் அங்கே நடந்த வில்வித்தைப் போட்டியிலிருந்துதான் பாராலிம்பிக் வளர்ந்தது. பிழைத்தவர்கள் வீடு திரும்ப வேண்டுமே. மருத்துவம் முன்னேறியது, வாசற்படி அங்கேயே இருந்தது.

இங்கே செல்வின் கோல்ட்ஸ்மித்தைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்லியாக வேண்டும். கட்டடக் கலை படித்து முடித்த இளைஞர் அவர். 1956-இல் போலியோவால் பாதிக்கப்பட்டார். உடற்குறை உள்ளவர்களுக்கான கட்டட வடிவமைப்பு பற்றி 1963-இல் அவர் எழுதிய நூல் அந்தத் துறைக்கே அடிப்படையானது. பின்னர் நோரிச் நகரில் 284 சக்கர நாற்காலிப் பயனாளிகளை நேரில் சந்தித்து, எங்கே போக முடிகிறது, எங்கே முடியவில்லை, எது தடுக்கிறது என்று விசாரித்தார். சாலையோர நடைபாதை விளிம்பைச் சரித்துத் தாழ்த்தும் வழக்கம் பிரிட்டனில் அந்த விசாரணையின் பயனாகப் பரவியது. வரைபலகையில் உட்கார்ந்து ஊகிக்காமல், நாற்காலியில் இருப்பவரிடமே கேட்டதுதான் அவருடைய பெரிய சாதனை. செலவைக் குறைக்க அதைவிடச் சிறந்த வழியும் இல்லை. தேவைப்படாத சாய்தளத்தில் பணத்தைப் போட்டுவிட்டு, தேவைப்படும் கைப்பிடியை மறந்துபோகும் வீடுகள் இன்றும் உண்டு.

சட்டம் 1970-இல் வந்தது. தொழிற்கட்சி எம்.பி. ஆல்ஃப் மோரிஸ், போரில் படுகாயமுற்ற தந்தையின் நோயையும் குடும்பத்தின் வறுமையையும் பார்த்து வளர்ந்தவர். தனிநபர் மசோதாவாக அவர் கொண்டுவந்த நாட்பட்ட நோயாளிகள், உடற்குறையுள்ளோர் சட்டம், வீட்டை மாற்றியமைக்க உதவுவதை உள்ளூராட்சியின் கடமையாக்கியது. அறக்கட்டளையின் இரக்கத்தை எதிர்பார்த்திருந்தவர்கள் அதன்பின் கவுன்சிலிடம் உரிமையாகவே கேட்கலாம். கோலியர்ஸ் வுட் மக்களுக்கு அந்தக் கவுன்சில் மெர்டன். 1965-இல் விம்பிள்டன், மிச்சம், மெர்டன்–மோர்டன் பகுதிகளை இணைத்து உருவானது.

பாதிக்கப்பட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. காப்பகத்தில் வாழ்ந்த பால் ஹன்ட் 1972-இல் கார்டியன் நாளிதழுக்கு எழுதிய கடிதம் பிரிக்கப்பட்டு அடைபட்டு வாழ்பவர்களை ஒன்றுசேர அழைத்தது. கென், மேகி டேவிஸ் தம்பதியர் 1976-இல் நாட்டிங்காம்ஷயரின் சட்டன்-இன்-ஆஷ்ஃபீல்டில், குரோவ் ரோடு என்ற குடியிருப்பைத் தாங்களே திட்டமிட்டுக் குடிபுகுந்தார்கள். காப்பகத்தை விட்டு வெளியேறித் தெருவில் அண்டை அயலாரோடு வாழலாம் என்பதை அந்தச் சில வீடுகள் காட்டின.

வீட்டை மாற்றியமைக்க இன்று நடைமுறையில் உள்ள மானியம் 1989 சட்டத்தில் பிறந்து 1996 சட்டத்தில் இன்றைய உருவம் பெற்றது. எதற்கெல்லாம் பணம் தர வேண்டும் என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது: வீட்டுக்குள் வர, வெளியே போக, குடும்பம் கூடும் அறைக்குச் செல்ல, தூங்க, கழிப்பறைக்குப் போக, குளிக்க, சமைக்க, வீட்டைச் சூடாக்க, விளக்கைப் போட. சமையல் அந்தப் பட்டியலில் இருப்பதைக் குடும்பங்கள் மறந்துவிடுவதுண்டு. அம்மா இனி சமைக்க வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அன்பாகச் சொல்லி, நாற்பது வருடம் அவர் ஆண்ட குசினியை அவருக்கு எட்டாததாக ஆக்கிவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு! அடியில் முழங்கால் நுழைய இடம் விட்ட ஒரு மேடையும் தாழ்த்தி வைத்த ஒரு அடுப்பும் போதும். கேட்கும் உரிமையைச் சட்டமே தந்திருக்கிறது.

1983-க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் டூட்டிங், மிச்சம், கோலியர்ஸ் வுட், விம்பிள்டன் என்று இந்தப் பக்கம் திரளாகக் குடியேறினார்கள். அன்று இளைஞர்களாக வந்து உழைத்து இந்த வரிசை வீடுகளை வாங்கியவர்கள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். பக்கவாதமோ நீரிழிவோ வந்தபின் மாடியில் இருக்கும் குளியலறை எட்டாத தூரமாகிவிடுகிறது. அவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மானியத்துக்கான வருமானக் கணக்கில் பாதிக்கப்பட்டவரும் அவருடைய துணையும் மட்டுமே சேர்வார்கள். மகன் வீட்டில் வாழும் தாய்க்கு மகனின் சம்பளம் குறுக்கே நிற்காது. குழந்தைகளுக்கு இங்கிலாந்தில் 2005 இறுதியிலிருந்து வருமானக் கணக்கே கிடையாது. வாடகை வீட்டில் இருப்பவரும் கேட்கலாம், வீட்டுக்காரர் சம்மதித்தால் போதும். அனுமதி வருமுன் வேலையைத் தொடங்கியவருக்குத்தான் சிக்கல். மானியம் கைநழுவிப் போகக்கூடும்.

மானியம் கேட்டால், அன்றாட வேலைகளுக்கு என்ன மாற்றம் தேவை என்று மதிப்பிடும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைக் கவுன்சில் அனுப்பும்; அவர் வந்து பார்ப்பார். குறைந்த செலவில் நிறையச் செய்ய முடிவது பெரும்பாலும் தரைத்தளத்தில்தான். முன்னறையைப் படுக்கையறையாக்குவதற்குக் கட்டில் நகர்ந்தால் போதும். கதவை அப்பால் தள்ளித் திறக்கவிடும் வளைந்த கீல்கள் சுவரை இடிக்காமலே சில சென்டிமீட்டரை மீட்டுத் தருகின்றன. சாய்தளம்தான் இடத்தை விழுங்கும்: ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில் 15 சென்டிமீட்டர் படிக்கு 1.8 மீட்டர் நீளம், இரண்டு படி என்றால் 3.6 மீட்டர். பல வீடுகளின் முன்தோட்டம் அவ்வளவு நீளமில்லை. அப்போது பின்வாசல் வழியோ சிறிய லிஃப்டோ உதவும்.

குளியலறையில்தான் பணம் கரையும். பழைய வீடுகளின் தரை மரச் சட்டங்கள்மேல் மிதப்பது. தண்ணீர் தேங்காமல் சரிவு கொடுத்து, தொட்டியோ தடுப்போ இல்லாமல் தரையிலேயே குளிக்கும் வெட் ரூம் அமைக்கச் சட்டங்களில் கைவைக்க நேரும். கழிவுக் குழாய் ஏற்கெனவே இருக்கும் பின்கட்டை ஒட்டியே புதிய கழிப்பறையை வைத்தால் செலவு வெகுவாகக் குறையும். கழுவி உலர்த்திவிடும் கழிப்பறை இருக்கைகளும் மானியத்தில் கிடைப்பதுண்டு. தண்ணீரில் கழுவிப் பழகியவர்கள் இதைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். இன்னொருவர் கையை எதிர்பாராமல் தம் தேவையைத் தாமே முடித்துக்கொள்ளும் மானம் அதில் இருக்கிறது. இத்தகைய மாற்றங்கள் பலவற்றுக்கு வாட் வரியும் இல்லை. வீட்டுக்குள் நாற்காலி ஓட இடம் விட்டிருந்தால் கவுன்சில் வரியில் ஒரு படி குறைக்கவும் கேட்கலாம்.

புதிய வீடுகளுக்கு 1999 முதல் படியில்லாத வாசலும் தரைத்தளக் கழிப்பறையும் கட்டாயம். பழைய வீடுகளுக்கு அந்த விதி பொருந்தாது. 2018-இல் எடுத்த கணக்கின்படி இங்கிலாந்து வீடுகளில் 9 சதவீதம் மட்டுமே சமதள வாசல், தடையற்ற நிலைப்படி, போதுமான கதவகலம், நுழையும் தளத்தில் கழிப்பறை ஆகிய நான்கும் கொண்டவை.

இங்கிலாந்தில் இந்த மானியத்தின் உச்சவரம்பு 30,000 பவுண்டு. அது நிர்ணயிக்கப்பட்டது 2008-இல். கொத்தனார் கூலியும் மர விலையும் அதன்பின் எங்கோ போய்விட்டன. வரம்பு மட்டும் நகரவில்லை. இது அநியாயம். 1970-இல் கிடைத்த உரிமையைச் சட்டத்தைத் தொடாமலே விலைவாசி அரித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் 2002-இல் வந்த ஓர் ஆணை, வரம்புக்கு மேலேயும் தம் விருப்பப்படி உதவக் கவுன்சில்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. எந்தச் சூழ்நிலையில், எவ்வளவு கூடுதலாகத் தருவார்கள் என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் தன் வீட்டுவசதி உதவிக் கொள்கையில் எழுதி வைத்திருக்கும். கொத்தனாரிடம் விலை கேட்குமுன் அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். முழு விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கவுன்சில் பதில் சொல்லியாக வேண்டும் என்பதும் 1996 சட்டத்திலேயே இருக்கிறது.