ரோடு டாக்ஸ் எங்கே போகிறது?

போன ஐப்பசியில் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்த அம்மா, எங்கள் தெருமுனைப் பள்ளத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்ததில் பள்ளம் எனக்குத் தெரியவில்லை. மாவுக்கட்டு போடும்போது கேட்டாள்: "வண்டி வாங்குறப்பவே ரோடு டாக்ஸ் கட்டினியேடா, அந்தக் காசெல்லாம் எங்க போவுது?"

அது மாநில அரசின் பொதுக் கணக்குக்குப் போகிறது, தெரு உள்ளாட்சியின் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. இதே கேள்வியோடு நானூறு வருஷம் மல்லுக்கட்டிய இங்கிலாந்தைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன்.

அங்கே முதலில் காசே கிடையாது, உடம்புதான். 1555ஆம் ஆண்டுச் சட்டப்படி, தன் எல்லைக்குள் ஓடும் சாலையை அந்தந்த ஊரே பராமரிக்க வேண்டும். வருஷத்துக்கு நான்கு நாள் கூலியில்லா வேலை. 1563இல் அது ஆறு நாளானது. வசதியுள்ளவர்கள் வண்டியும் ஆட்களும் அனுப்ப வேண்டும். மேற்பார்வை பார்ப்பவருக்கும் சம்பளமில்லை. நம்ம குடிமராமத்து ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஏரியைத் தூர்வாரினால் தண்ணீர் நம் வயலுக்குத்தான் வரும். லண்டனுக்குப் போகிற எவனோ ஒருத்தனின் பாரவண்டி கிழித்த தடத்தை வழியிலிருக்கும் குக்கிராமத்து விவசாயி ஏன் மூட வேண்டும்?

அப்போ பயன்படுத்துகிறவனே கொடுக்கட்டும் என்று 1663இல் வடக்கு நோக்கிய பெருவழியில் சுங்கம் வந்தது. 1830களில் ஏறத்தாழ ஆயிரம் சுங்க அறக்கட்டளைகள் இருந்தன. வேல்ஸில் வயலுக்குச் சுண்ணாம்பு ஏற்றிப் போகிற விவசாயி கேட்டுக்கு கேட் காசு கட்டினான். 1839 முதல் 1843 வரை, பெண் வேடமிட்ட ஆண்கள் ராத்திரியில் வந்து அந்த கேட்டுகளை உடைத்தார்கள். ரெபெக்கா கலகம் என்று அதற்குப் பெயர். பிறகு ரயில் வந்து வசூலும் படுத்துவிட்டது.

மூன்றாவது வழிதான் அம்மா கேட்டது. 1909 பட்ஜெட்டில் லாயிட் ஜார்ஜ், கார் வரியையும் பெட்ரோல் வரியையும் சாலைக்கென்றே ஒதுக்கினார். பணம் சேர்ந்தது. 1926லும் 1927லும் நிதியமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் அதில் கைவைத்தார். வண்டி ஓட்டுகிறவர்கள் கட்டிய வரி என்பதாலேயே அது அவர்கள் சொத்தாகிவிடாது என்பது அவர் வாதம். எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் சுலபமாகத் தள்ளவும் முடியவில்லை. சிகரெட் வரியை சிகரெட் பிடிப்பவர்களுக்கே செலவழிக்கிறோமா என்ன? 1937இல் வாகன வரி நேராகப் பொது கஜானாவுக்குப் போனது. அங்கே மக்கள் இன்னும் 'ரோடு டாக்ஸ்' என்றே சொல்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் உடனே ஒன்றும் ஆகாது. மென்பொருளிலும் இதே கதைதான். புதிய அம்சத்துக்குக் கைதட்டு, பழைய கோடைச் சரிசெய்ய யாரும் நேரம் தரமாட்டார்கள். தாரில் ஒரு விரிசல் விழும், தண்ணீர் இறங்கும், அடி ஜல்லி இளகும், ஒரு நாள் லாரி ஏறியதும் மொத்தமாகப் பெயர்ந்து வரும்.

ஜெயகர் கமிட்டி சொல்லி, 1929இல் இங்கேயும் ஒரு நிதி தொடங்கினார்கள். பெட்ரோலில் கேலனுக்கு 2 அணா அதற்குப் போனது. 2018இல் அதன் பெயரோடு 'உள்கட்டமைப்பு' சேர்ந்தது. இப்போது ரயிலுக்கும் துறைமுகத்துக்கும்கூட அதிலிருந்து எடுக்கலாம். எங்கள் தெருமுனை வரை அது வருவதில்லை.

கட்டுப் பிரித்துவிட்டுத் திரும்பும்போது பள்ளத்தில் செங்கல் துண்டுகளும் மண்ணும் கொட்டியிருந்தன. நகராட்சி ஆட்கள் வந்தார்களா என்றேன்.

"எதிர்வீட்டுக்காரரும் அவர் பையனும்தான்," என்றாள் அம்மா. "ஞாயித்துக்கெழம போட்டாங்க. நீ தூங்கிட்டு இருந்த."