கேட்கவும் வாசிக்கவும் கற்ற அகுஸ்தினார்



கி.பி. 384-இல், ஏறத்தாழ 30 வயதில், அகுஸ்தினார் நாவன்மை கற்பிக்கும் ஆசிரியராக மிலான் நகருக்கு வந்தார். அழகாகப் பேசி அவையை வெல்லும் கலையே அவருடைய பிழைப்பு. அந்நகர ஆயர் அம்புரோசியாரின் மறையுரையைக் கேட்க அவர் முதலில் போனது விசுவாசத்தால் அல்ல. ஆயரின் பேச்சுத்திறனை எடைபோடவே. ஆனால் சொல்லழகை ரசிக்கத் திறந்த உள்ளத்தில், சொல்லப்பட்ட உண்மையும் மெல்ல நுழைந்தது.

இன்னொன்றும் அவர் கருத்தைக் கவர்ந்தது. அம்புரோசியார் வாசிக்கையில் கண்கள் ஏட்டில் ஓடும். குரலும் நாவும் ஓய்ந்திருக்கும். காண வந்தவர்கள் தொந்தரவு செய்ய மனமின்றி, சற்று நேரம் அமைதியாக அமர்ந்திருந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் அந்த ஆயரின் கையாலேயே அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றார். கிறிஸ்தவப் போதனை பற்றிய தம் நூலை 426-இல் முடித்தபோது, உரோமைப் பேச்சாளர் சிசெரோவின் பாடத்தை அவர் கையில் எடுத்தார்: பேசுபவர் கற்பிக்க வேண்டும், மகிழ்விக்க வேண்டும், உள்ளத்தை அசைக்க வேண்டும். இவற்றுள் கற்பிப்பதே இன்றியமையாதது.

இன்று நம் கைபேசித் திரையில் மகிழ்விக்கும் பேச்சுக்கும் கொதிக்க வைக்கும் பேச்சுக்கும் குறைவில்லை. கோபத்தில் நாம் பத்துக் குழுக்களுக்கு அனுப்பும் ஒரு காணொளியால், ஓர் அயலாரின் நற்பெயர் அழிந்துவிடக்கூடும். அனுப்புமுன் நம்மையே கேட்போம்: இது நமக்கு எதைக் கற்பித்தது? அது உண்மையா?

இரவில் கால்மணி நேரம் கைபேசியைத் தள்ளி வைத்து, நற்செய்தியில் ஓர் அதிகாரம் வாசிப்போம். நாம் வாசிப்பதை நம் பிள்ளைகள் பார்க்கட்டும். ஆமென்.