தருமிக்கு உரிய பொற்கிழி
நாகேஷின் தலைசிறந்த படம் குறித்து நம் வட்டத்தில் எழுந்த வழக்கு

நம் இலக்கிய வட்டம் தோன்றிய நாள்முதல் தீர்ப்புக் கூறப்படாமல் நிற்கும் வழக்குகள் சில உண்டு. மரபா, புதிதா என்பது ஒன்று. கவியரங்கத்தில் கைதட்டலாமா என்பது மற்றொன்று. மூன்றாவது வழக்கு பிறர் காதுக்கு வேடிக்கையாகப் படலாம்: நடிகர் நாகேஷின் படங்களுள் தலைசிறந்தது எது? மாதக் கூட்டம் முடிந்து, தேநீர்க் கடை வாசலில் ஒரு மணிநேரம் நின்று, கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட உறுப்பினர்கள் பலர். நானும் அவர்களுள் ஒருவன். பத்தாண்டு நிறைவு மலரில் அந்த வழக்கின் வரலாற்றை எழுதும்படி பணிக்கப்பட்டேன். எழுதத் தொடங்கிய பிறகே என் பழைய கட்சி பிழையானது என்று எனக்குத் தெரிந்தது.

முதலில் நாகேஷின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1933ஆம் ஆண்டு பிறந்த அவர் வளர்ந்தது தாராபுரத்தில். வீட்டு மொழி கன்னடம். முகத்தில் அம்மைத் தழும்புகள், உடல் ஒல்லி. சென்னையில் ரயில்வே அலுவலக எழுத்தராக இருந்துகொண்டே அமெச்சூர் நாடகங்களில் நடித்தார். ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகச் சில நிமிடங்களே வந்து போனார். அன்று தலைமை வகித்த எம்.ஜி.ஆர். சிறந்த நடிகருக்கான பரிசை அந்தச் சில நிமிடங்களுக்கே வழங்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அதே எம்.ஜி.ஆர். 1977இல் நம் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரானவர் என்பதால், இந்தச் செய்தியை நம் பக்கத்தார் சற்று உரிமையோடு சொல்லிக்கொள்வது வழக்கம்.

நாகேஷுக்கு முன் தமிழ்த்திரையில் நகைச்சுவை பெரும்பாலும் தனி வாய்க்காலாகவே ஓடியது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அதைச் சமூகச் சீர்திருத்தத்திற்குப் பயன்படுத்தினார். சந்திரபாபு அதற்குப் பாட்டும் ஆட்டமும் சேர்த்தார். தங்கவேலு பேச்சின் நயத்தாலேயே அதைக் கொண்டுசெலுத்தினார். நாகேஷின் வருகைக்குப் பின் அந்த வாய்க்கால் ஆற்றோடு கலந்தது. 1964ஆம் ஆண்டு ஒன்றே இதற்குச் சான்று. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக, தந்தையாக வரும் டி.எஸ்.பாலையாவுக்கு அவர் பேய்க்கதை சொல்லும் காட்சி சிரிப்பின் உச்சம். அதே ஆண்டின் இறுதியில் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் வந்த ‘சர்வர் சுந்தரம்’ அவரையே கதைத் தலைவனாக்கியது. கே.பாலசந்தரின் எழுத்தில் உருவான அந்தக் கதையில், உணவு விடுதிப் பணியாளன் ஒருவன் புகழ்பெற்ற நடிகனாகிறான். அதற்குள் காதலையும் இழக்கிறான், தாயையும் இழக்கிறான்.

நம் வட்டத்தில் முதல் கட்சி ‘சர்வர் சுந்தர’த்துக்கே. அதன் வழக்கறிஞன் நான். இரண்டாம் கட்சி ‘எதிர்நீச்சல்’ (1968). பல குடித்தனங்கள் உள்ள வீட்டின் மாடிப்படிக்குக் கீழே ஒண்டியிருந்து, எல்லோருக்கும் ஏவல் செய்துகொண்டே படிக்கும் அநாதை மாது நம்மில் பலருக்கு அண்ணன் போன்றவன். விடுதிச் செலவுக்கு வழியின்றி நகரத்து உறவினர் வீட்டுத் திண்ணையில் படுத்துப் படித்தவர்கள் இந்த வட்டத்தில் குறைவில்லை. மூன்றாம் கட்சி ‘நீர்க்குமிழி’ (1965). பாலசந்தர் முதன்முதலாக இயக்கிய அந்தப் படத்தில் மருத்துவமனையையே சிரிக்கவைக்கும் நோயாளியாக நாகேஷ் வருகிறார். ‘தில்லானா மோகனாம்பா’ளின் (1968) சவடால் வைத்திக்கும் ‘மைக்கேல் மதன காம ராஜ’னின் (1990) அவிநாசிக்கும் இளையோர் வாதாடினர்.

‘திருவிளையாட’லைச் (1965) சொன்னவர் ஒருவர் மட்டுமே. அவர் நம் மூத்த உறுப்பினர். பெயர் எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அவர் சொன்னபோது நாங்கள் ஏற்கவில்லை. நீண்ட படத்தில் தருமி வருவது சிறு பகுதி. சிவாஜியின் படம், ஏ.பி.நாகராஜனின் படம்; அதை நாகேஷின் படம் என்பது எப்படி என்று கேட்டோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. ‘தருமியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்ததில்லை’ என்று மட்டும் சொன்னார். நகைச்சுவை நடிகரின் சிறந்த படம் எது என்ற வழக்கில் அது சொந்தக் கட்சிக்கே எதிரான சாட்சி என்று நான் வாதாடினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

தருமியின் வரலாற்றைப் பார்ப்போம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் ‘தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம்’ உண்டு. அங்கே தருமி புலவன் அல்லன். தாய்தந்தையை இழந்த ஆதிசைவ இளைஞன். திருமணம் செய்துகொள்ளப் பொருளின்றி ஆலவாய் இறைவனிடம் முறையிடுகிறான். பாண்டியனின் ஐயத்தைத் தீர்க்கும் பாட்டை இறைவன் எழுதித் தருகிறார். அந்தப் பாட்டு குறுந்தொகையின் இரண்டாம் பாடலாக இறையனார் பெயரில் இன்றும் நிற்கிறது. புராணத்தின் நோக்கம் இறைவனுக்கும் நக்கீரருக்கும் நடக்கும் வாதமே. தருமி அந்த வாதத்திற்கு வாயில் திறந்துவிட்டு ஒதுங்குகிறான்.

திரைப்படத்தில் அவன் வறுமைப்பட்ட புலவனாகிறான். பரிசு அறிவித்த பறையொலி கேட்டுக் கோயில் மண்டபத்தில் தனியே நின்று அவன் புலம்பும் புலம்பலும், பாட்டு மறுக்கப்பட்டுத் திரும்பிவந்து மீண்டும் புலம்பும் புலம்பலும் புராணத்து முறையீட்டைத் திரைக்கேற்ப விரித்தவை. அந்த வடிவத்தை உருவாக்கியவர்கள் நாகராஜனும் நாகேஷும். கேள்வி கேட்கும்போது துள்ளுகிறான். கேள்வி தன்மேல் திரும்பும்போது நடுங்குகிறான். பொன்னின் நினைப்பு வந்ததும் மீண்டும் துள்ளுகிறான். கைகளும் முழங்கால்களும் வெவ்வேறு திசைக்கு ஓடுகின்றன. அத்தனை அசைவிலும் ஒரு சொல்லாவது தெளிவிழப்பதில்லை.

இந்தத் தெளிவை நம் வானம்பார்த்த பூமி நன்கு அறியும். நரிக்குடிப் பக்கத்துச் சிற்றூர்களில் பலர் ‘திருவிளையாட’லைப் பார்ப்பதற்கு முன் கேட்டவர்கள். டூரிங் டாக்கீஸ் எல்லா ஊருக்கும் வரவில்லை. ஒலிபெருக்கி வந்தது. காதுகுத்து, திருமணம், பொங்கல் விழா எதுவாயினும் வேப்பமரக் கிளையில் குழாய் கட்டி இசைத்தட்டு போடுவார்கள். பாட்டுகள் தீர்ந்தால் ‘திருவிளையாடல்’ வசனத் தட்டு. மிளகாய்ச் செடிக்குக் களையெடுப்பவரும், கண்மாய்க் கரையில் ஆடு மேய்ப்பவரும் இறைவனுக்கும் தருமிக்கும் நடக்கும் வினாவிடையை மனப்பாடமாகச் சொன்னது அப்படித்தான். முகம் இல்லை, துள்ளல் இல்லை, அங்கியும் தலைமுடியும் இல்லை. குரல் ஒன்றே அரை மைல் தொலைவுக்குத் தருமியைக் கொண்டுசென்றது. உடல் நடிகர் என்று நாம் எண்ணும் ஒருவர் உடலின்றியே முழுமையாக வந்து சேர்ந்த இடம் இதுவொன்றே என்பேன்.

இனி இலக்கணத்தின் துணையை நாடுகிறேன். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்தார். அதற்கு நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொன்னார். செல்லப்பாவின் நகை இளமையில் பிறந்தது. வைத்தி பிறரை எள்ளுகிறான். தருமியிடமோ நான்கும் கூடுகின்றன. அவன் எள்ளப்படுகிறான், சிறுபிள்ளை போல் ஆசைப்படுகிறான், அவையின் இயல்பறியாத பேதைமையோடு உள்ளே நுழைகிறான். மடன் என்பதற்குப் பிறர் கொளுத்தியதைப் பற்றிக்கொண்டு விடாமை என்று உரை காண்பர். தன்னுடையதல்லாத பாட்டைப் பொருள் கேட்டபோதும் விடாமல் பற்றிக்கொண்டு நிற்கும் தருமியைவிட இதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆனால் செய்தி அதோடு முடியவில்லை. நகையை அடுத்து அழுகையைச் சொல்லும் தொல்காப்பியர் அதற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் காட்டுகிறார். ‘சர்வர் சுந்தர’த்தில் நம்மை உருக்குவது இழவு. ‘நம்மவ’ரில் (1994) மகளை இழந்த பேராசிரியராக அவர் கலங்குவதும் இழவு. நாகேஷுக்குத் தேசிய விருது கிடைத்தது அந்தத் துணைப்பாத்திரத்திற்கே. அதே 1994இல் ‘மகளிர் மட்டு’மில் அசைவற்ற பிணமாகக் கிடந்தே அரங்கைச் சிரிக்கவைத்தார், அதற்கு விருதில்லை. சிரிக்கவைப்பவன் அழவைத்தால்தான் கலைஞன் என்பது நம் நாட்டின் பொதுத் தீர்ப்பாக இருக்கிறது. ‘சர்வர் சுந்தர’த்துக்காக நான் வாதாடிய வாதமும் அதுவே என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நகையை அளக்க அழுகையின் படியைக் கையில் வைத்திருந்தேன்.

தருமியின் நிலைக்களன் வறுமை. இலக்கணப்படி அழுகைக்கு உரியது. அதிலிருந்து நகையை விளைத்துக் காட்டியிருக்கிறார் நாகேஷ். வறுமையை மறைக்கவும் இல்லை. பாட்டில் குறை இருந்தாலும் அதற்கேற்பப் பரிசைக் குறைத்துக்கொள்ள அணியமாக நிற்கும் ஒரு புலவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அவன் பசி நம் கண்ணெதிரே நிற்கிறது. அழுகைக்கென்று தனிக் காட்சி ஒதுக்கிய படங்களைவிட இது அரிது.

நம் மூத்த உறுப்பினரிடம் திரும்புகிறேன். இந்தக் கட்டுரைக்காக அண்மையில் அவர் வீட்டுக்குச் சென்றேன். ஓட்டுச் சாய்ப்பில் கயிற்றுக் கட்டில். மடக்கிய தாள்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. எல்லாம் திருமண வாழ்த்து மடல்கள். அருப்புக்கோட்டை அச்சகங்களில் பச்சை, ரோஸ் தாள்களில் அடித்தவை. நாற்பது ஆண்டுகளாக அவர் எழுதிய விருத்தங்களும் வெண்பாக்களும் அவற்றில் உள்ளன. ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. மாப்பிள்ளையின் தோழர்கள், சங்கத் தலைவர்கள், மாமன் மைத்துனர் பெயர்களே அடியில் அச்சாகியிருந்தன. பாட்டுக்கு ஐந்து ரூபாயில் தொடங்கி, பிற்காலத்தில் ஐம்பது வரை பெற்றாராம். பல வேளை அதுவும் ‘கல்யாணம் முடியட்டும்’ என்று நின்றுபோயிற்றாம்.

“தருமி அடுத்தவர் பாட்டைத் தன் பாட்டு என்று கொண்டுபோனான், தம்பி. நான் என் பாட்டை அடுத்தவர் பாட்டு என்று கொடுத்தேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அதனால்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நடித்தவன் பசியறிந்தவன் என்று பார்த்த அன்றே தெரிந்துவிட்டது,” என்றார் அவர்.

அன்று தேநீர்க் கடை வாசலில் நான் அவரை எதிர்ச்சாட்சி என்று சொன்னது நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டேன். “கூட்டம் சிரித்ததே, நல்லதுதான்,” என்றார்.

சிறு பகுதியில் வரும் பாத்திரத்தை வைத்து ஒரு நடிகரின் தலைசிறந்த படத்தைத் தீர்மானிக்கலாமா என்ற மறுப்பு இன்னும் எஞ்சியிருக்கிறது. வயிற்றுவலிக்காரனாக வந்த சில நிமிடங்களுக்கு எம்.ஜி.ஆர். பரிசளித்ததை நாம் பெருமையோடு சொல்கிறோம். அந்த அளவுகோலையே இங்கும் கொண்டால் போதும். எட்டுத்தொகையில் ஒரே பாட்டால் நிலைத்த புலவர்களைக் கொண்டாடும் நாம், அடிக்கணக்குப் பார்த்துப் புலவரை வரிசைப்படுத்துவதில்லை.

ஆகவே என் கட்சியை மாற்றிக்கொள்கிறேன். ‘எதிர்நீச்ச’லின் மாதுவிடம் எனக்குள்ள அன்பு குறையவில்லை, ‘சர்வர் சுந்தர’த்தை இன்னும் ஒருமுறை பார்த்தாலும் கலங்குவேன். எனினும் நாகேஷின் கலை முழுமையாக நின்ற இடம் ஆலவாய்க் கோயில் மண்டபமே. 2008இல் ‘தசாவதார’த்தோடு நிறைந்த அவருடைய திரைவாழ்வில், 2009 ஜனவரி 31இல் அவர் மறையும்வரை, பத்ம விருது எதுவும் அவரைத் தேடிவரவில்லை. திரையில் தருமிக்குக் கடைசியில் பொற்கிழி கிடைத்துவிட்டது. அவனாக நடித்தவருக்குக் கிடைக்கவேண்டியது பாக்கி நின்றுவிட்டது.

நம் கையில் பத்ம விருதுகள் இல்லை. ஆயினும் பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். மூத்த உறுப்பினரின் தகரப் பெட்டியில் உள்ள பாடல்களை, அவர் இசைந்தால், அவர் பெயரிலேயே சிறு நூலாக வெளியிடவேண்டும். இனி நம் கவியரங்குகளுக்கு வரும் கவிஞருக்குப் பொன்னாடைக்கு முன் பேருந்துக் கட்டணத்தைக் கையில் கொடுக்கவேண்டும். நரிக்குடியிலிருந்து புறப்படும் கடைசி வண்டியை அவர் தவறவிட்டால் இரவுச் சாப்பாடும் நம் பொறுப்பு.