தோட்டத்துப் பிள்ளையும் ஆங்கிலத் தாளும்



படிவம் 4 தொடங்கியதும் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பது இதுதான்: "டீச்சர், பையன் இங்கிலீஷ்ல ரொம்ப வீக். தமிழை விட்டுட்டா அந்த நேரத்துல இங்கிலீஷ் படிப்பான் இல்ல?"

அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் பதில் சொல்லும் முன், நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு ஆங்கிலம் வந்த வழியைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

லிங்கி, ரந்தாவ், லாபு, பகாவ் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படிப் பல பள்ளிகள் தோன்றின. ஆனால் பல இடங்களில் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ பாடம் நடத்தினார். பிள்ளைகள் கொஞ்சம் தமிழும் கணக்கும் படித்தார்கள். ஆங்கிலம் இல்லை.

ஆங்கிலம் பட்டணத்தில் இருந்தது. சிரம்பானில் செயின்ட் பால் பள்ளி 1899லேயே தொடங்கிவிட்டது. அங்கே படிக்கக் கட்டணம் வேண்டும், போய்வர வசதி வேண்டும். ஆங்கிலப் பள்ளி மாணவர்கள் எழுதிய கேம்பிரிட்ஜ் தேர்வும் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலம் தெரிந்தவருக்கு ஆபீஸ் நாற்காலி, தெரியாதவருக்கு வெட்டுக்காடு. லயத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் 'துரை வீட்டு மொழி'யாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் மலாயையும் ஆங்கிலத்தையும் எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயப் பாடமாக்கியது. 1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. தமிழ்ப்பள்ளி முடித்தவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக இருந்து, இடைநிலைப் பள்ளிக்கு வேண்டிய மொழியைக் கற்றார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், மூன்றாவதாகத்தான் ஆங்கிலம். 2003 வரை தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலப் பாடம் மூன்றாம் ஆண்டில்தான் தொடங்கியது. அதன்பிறகே முதலாம் ஆண்டுக்கு வந்தது.

இப்போது சொல்லுங்கள், நம் பிள்ளைகளை ஆங்கிலத்திலிருந்து தள்ளி வைத்தது தமிழா? இல்லை. தூரமும் கட்டணமும் ஆசிரியர் பற்றாக்குறையும்தான். தமிழை விட்டால் இவற்றில் எது சரியாகும்?

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும். 2016 முதல் ஆங்கிலத்தையும் இதில் சேர்க்கத் திட்டமிட்டு, 2015இல் ஒத்திவைத்தார்கள். அதனால் "எப்படியும் சர்ட்டிபிகேட் வந்துடும்" என்று இருந்துவிடாதீங்க. வேலை நேர்காணலில் அந்தச் சலுகை கிடையாது.

2021 முதல் 1119 தாள் புதிய அமைப்பில் வருகிறது: வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு தாள்கள். எழுத்துத் தாளில் மூன்று பகுதிகள்: சுமார் 80 சொற்களில் மின்னஞ்சல், 125 முதல் 150 சொற்களில் ஒரு கட்டுரை, 200 முதல் 250 சொற்களில் இன்னொன்று. மனப்பாடக் கட்டுரை இங்கே உதவாது. மின்னஞ்சலில் நண்பர் என்னென்ன கேட்டிருக்கிறார் என்று முதலில் அடிக்கோடு இடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறதா என்று கடைசியில் சரிபாருங்கள். பேச்சுத் தாளுக்கு ஆங்கிலம் பேசும் வீடு தேவையில்லை. வகுப்புத் தோழனோடு தினமும் பத்து நிமிடம் பேசிப் பழகினாலே நாக்கு திரும்பும்.

தமிழாசிரியர்களே, இதில் நமக்கும் வேலை இருக்கிறது. பிள்ளைகள் செய்யும் பிழைகளில் பல தமிழ் வாக்கிய அமைப்பிலிருந்து வருபவை. மூன்று உதாரணம் பாருங்கள்.

'அவர் ஆசிரியர்' என்பது தமிழில் முழு வாக்கியம், வினைச்சொல் வேண்டாம். மலாயிலும் அப்படியே. ஆங்கிலத்தில் 'இஸ்' இல்லாமல் நிற்காது.

'இரண்டு புத்தகம் வாங்கினேன்' என்று பேசுகிறோம். ஆங்கிலத்தில் 'புக்' என்பதோடு 'எஸ்' சேர்ந்தே ஆக வேண்டும்.

அதே வாக்கியத்தில் 'நான்' இல்லை. 'வாங்கினேன்' என்பதே ஆள் யார் என்று காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஐ' போட்டால்தான் எழுவாய் தெரியும்.

எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் தமிழில் தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்கு இதை விளக்கப் பத்து நிமிடம் போதும். தெரியாத பிள்ளைக்கு எந்த மொழியில் விளக்குவது? ஆங்கில ஆசிரியரோடு உட்கார்ந்து, வாரம் ஒரு பிழையை இரண்டு வகுப்பிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். கட்டுரைக்குக் குறிப்புச் சட்டகம் போடும் பழக்கமும் இரண்டு மொழிக்கும் ஒன்றுதான்.

அந்தப் பெற்றோருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: "தமிழை விட வேண்டாம்மா. போன்ல போற நேரத்துல ஒரு மணி நேரத்தை மட்டும் இங்கிலீஷுக்குக் கொடுக்கச் சொல்லுங்க."

மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டிக்கு இந்தத் தாளை எழுதிப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பயப்படாமல் எழுதுங்க. வாழ்த்துகள்.