இன்னார் இவரே என்பதற்கு அத்தாட்சி

மட்டக்களப்பு வாவியின் கடற்பக்கக் கரையை எழுவான்கரை என்றும், கதிரவன் மறையும் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். நெல் விளைவது படுவான்கரையில். அந்நெல் விற்ற காசைச் சேமிப்பிலிட எண்ணிய உழவரோ, வாவி சூழ்ந்த புளியந்தீவுக்கே நெடுங்காலம் வரவேண்டியிருந்தது. கச்சேரி அங்கே, ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்தது. மண்முனைத் துறையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, அவ்வழி வந்தோர் படகுப்பாதையிலேறியே நீரைக் கடந்தனர். ஒரு கையெழுத்துக் குறைந்தால் மறுநாளும் அதே பயணந்தான்.

முன்னாளில் ஒருவர் இன்னார் என்பதற்கு ஊரே சாட்சி. கிராம விதானை முகத்தைக் கண்டதும் தந்தை பெயரைச் சொல்வார். பாட்டன் பெயரையுங் கூடச் சொல்லிவிடுவார். 1885 இல் தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கி இலங்கையில் தோன்றியபின், சிறுதொகை வைப்போரும் வங்கி ஏட்டில் இடம்பெறலாயினர். ஏட்டுக்கு முகம் தெரியாதே! முகத்தையும் ஏட்டையும் இணைக்க ஓர் அத்தாட்சி வேண்டியதாயிற்று. 1963 இல் விதானைப் பதவி நீங்கிக் கிராம சேவகர் வந்தார். பின்னர் அவரே கிராம உத்தியோகத்தரானார். அவர் வழங்கும் வதிவிடச் சான்றிதழிற் பிரதேச செயலாளர் மேலொப்பமிடுகின்றார். பத்திரங்களின் பிரதியை மூலத்தோடு ஒப்பிட்டு உறுதிப்படுத்துபவர் பெரும்பாலும் சமாதான நீதவான்.

1968 ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் பயனாக 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. பழைய அட்டையின் இலக்கத்திலே ஒரு நுட்பம் உண்டு. முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். பெப்ரவரி முதலாந் திகதி பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. 2016 முதல் இவ்விலக்கம் பன்னிரண்டு தானமாயிற்று.

பிறப்புப் பதியப்படாதவர் என் செய்வார்? காலங்கடந்த பதிவுக்குச் சாதகக் குறிப்பும், பாடசாலைச் சான்றும், சத்தியக்கடதாசியும் தேடுவார். பிறந்த வேளையைச் சோதிடர் எழுதிவைத்த ஏடு, பேரனின் வங்கிக் கணக்குக்கும் உதவுவது விந்தையே.

1978 நவம்பர்ச் சூறாவளி கூரைகளோடு பெட்டகங்களையும் சிதைத்தது. 2004 டிசம்பர் 26 இல், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்றிடலிலுள்ள நாவலடி ஆழிப்பேரலையிற் சிதைந்தது. உயிர் தப்பினோரிடம் உடுத்த துணியே எஞ்சியது. வீடமைக்கும் நிவாரணப் பணமோ அரச வங்கிகளின் ஊடாகத் தவணை தவணையாக வந்தது. கணக்குத் திறக்க அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். இரண்டும் கடலோடு போயின. உடல் கிடையாதோரின் மரணத்தைப் பதிவதற்கென்றே 2005 இல் தற்காலிகச் சட்டமொன்று இயற்றப்பட்டது. அதற்கும் கிராம உத்தியோகத்தரின் அறிக்கை தேவைப்பட்டது. முகமறிந்த சாட்சியின் மதிப்பு அன்று மீண்டும் உயர்ந்தது.

ஆயினும் ஒரு பிழை நேர்ந்தது. மட்டக்களப்பு வழக்கப்படி வீடும் வளவும் தாய்வழியே மகளுக்குச் சீதனமாகச் செல்வன. கணவனே மனைவியின் இல்லத்துக்குக் குடிவருபவன். நிவாரணப் பட்டியலோ குடும்பத் தலைவர் யாரெனக் கேட்டது. பல இடங்களிலே கணவனின் பெயரே எழுதப்பட்டது. பணமும் புதிய வீட்டின் உரிமையும் அவன் பெயரிலேயே வந்தன. தாய் எழுதிக்கொடுத்த உறுதியைக் காட்டி இவ்வளவு என்னுடையது என வாதிட எண்ணிய பெண்களிற் பலருக்கு, அவ்வுறுதியும் வெள்ளத்தோடு போயிருந்தது.