கஞ்சித் தொட்டியிலிருந்து காப்பு நிதி வரை: முட்டுக்காடு – மாமல்லபுரம் கடற்கரையில் அரசு உதவியின் வரலாறு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து தெற்கே வருபவர்கள் முட்டுக்காட்டுப் பாலத்தைக் கடக்கும்போது இடப்பக்கம் முகத்துவாரத்தையும் வலப்பக்கம் காயலையும் பார்க்கலாம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984இல் தொடங்கிய படகுத் துறையால்தான் இந்தக் காயலைப் பலரும் அறிவார்கள். ஆனால் பக்கிங்காம் கால்வாயும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலிருந்து ஒக்கியம் மடுவு வழியாக வடியும் வெள்ளமும் கடலைச் சேர்வது இங்கேதான். மக்களின் உயிரைக் காக்க அரசு செலவிட்ட பணத்தின் நீண்ட வரலாற்றை இந்த நீர்வழியோடு சேர்த்துப் படிக்க முடியும்.

பொதுப் பாதுகாப்புக்காகவும் சமூக நலத்துக்காகவும் அரசு ஒதுக்கிய பணம் இந்தக் கடற்கரைக்கு எந்தெந்த வடிவங்களில் வந்து சேர்ந்தது, அவற்றுள் எது நிலைத்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஆபத்து நடந்த பின் கொடுக்கப்படும் பணம் அன்றைய பசியை ஆற்றுகிறது, அது வேண்டும். ஆனால் கால்வாயாக, வீட்டு உரிமையாக, தொழிலாக, பயிற்சியாக ஊரில் தங்கிவிடும் பணம்தான் அடுத்த ஆபத்தையும் தாங்குகிறது. கடந்த இரண்டரை நூற்றாண்டுச் சான்றுகள் இந்த முடிவுக்கே இட்டுச் செல்கின்றன.

பஞ்சமும் கால்வாயும்

இரண்டாம் மைசூர்ப் போரின்போது ஐதர் அலியின் படையெடுப்பால் செங்கல்பட்டுச் சீமையின் ஊர்கள் பாழாயின. பிழைக்க வழியின்றிச் சென்னைக்கு வந்தவர்களுக்காக 1782இல் கஞ்சி ஊற்றும் இடம் ஒன்று ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்றும் கஞ்சித் தொட்டி என்றும் பெயர் பெற்ற அதுவே பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. நிவாரணத்துக்காகத் தொடங்கிய ஓர் ஏற்பாடு நிலையான பொது நிறுவனமாக மாறியதற்கு இது முற்காலச் சான்றுகளுள் ஒன்று.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கியது. செங்கல்பட்டும் அதில் அடிபட்ட மாவட்டம். வேலை செய்தால்தான் உதவி என்பது அன்றைய அரசின் கொள்கை. பஞ்சப் பணிகளைப் பார்வையிட வந்த ரிச்சர்ட் டெம்பிள், நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். மண் வெட்டிச் சுமக்கும் ஓர் உடலுக்கு அந்த உணவு போதாது என்பது அவர் வாதம். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. உதவியின் அளவை முடிவு செய்வது யார், எந்தக் கணக்கில் முடிவு செய்வது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

அந்தப் பஞ்சப் பணிகளின்போது அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய் வெட்டப்பட்டது. வடக்கே கொக்ரேன் என்பவர் 1806இல் தொடங்கிய கால்வாயும் தெற்குக் கால்வாயும் இதனால் ஒன்றாயின. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என்று அது அழைக்கப்பட்டது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து முட்டுக்காடு வழியாக மரக்காணம் வரை அதன் நீளம் சுமார் 420 கிலோமீட்டர். உப்பும் விறகும் ஏற்றிச் செல்வதற்கு உதவிய இந்த நீர்வழி, 2004 சுனாமியின்போது எதிர்பாராத காவலாக நின்றது. ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வரையிலான பகுதியில், அலை நீரைக் கால்வாய் தன்னுள் வாங்கி, சில இடங்களில் மட்டும் வழியவிட்டு, மீண்டும் கடலுக்கே அனுப்பியதாகப் பின்னர் பதிவானது. பஞ்சக் கூலிகள் இணைத்து முழுமையாக்கிய ஒரு நீர்வழி, 126 ஆண்டுகளுக்குப் பின் வேறொரு பேரிடரில் உயிர்களைக் காத்தது.

முன்கூட்டியே ஒதுக்கும் பணம்

பஞ்சம் வந்த பின் பணம் தேடக் கூடாது என்ற எண்ணத்தில் பிரிட்டிஷ் இந்திய அரசு 1878இல் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் பஞ்சக் காப்பு மானியத்தை அறிவித்தது. ஆப்கானியப் போரின் செலவு நெருக்கிய ஆண்டுகளில் அது வெட்டுப்பட்டது. ஆபத்து இல்லாத ஆண்டில் ஆபத்துக்கான பணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. 1880இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணையமும் அதைத் தொடர்ந்து 1883இல் உருவான பஞ்ச விதித்தொகுப்பும், எப்போது வேலை திறப்பது, யாருக்கு இலவச உணவு என்பதை எழுத்தில் வைத்தன. ஆட்சியாளரின் கருணையாக இருந்த உதவி மெல்ல நடைமுறை விதியாயிற்று.

விடுதலைக்குப் பின் இந்தப் பொறுப்பு நிதிக் குழுக்களிடம் வந்தது. இரண்டாம் நிதிக் குழு மாநிலங்கள் பேரிடர்ச் செலவுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒன்பதாம் நிதிக் குழுவின் பரிந்துரைப்படி 1990இல் பேரிடர் நிவாரண நிதி உருவானது. மத்திய அரசு 75, மாநில அரசு 25 என்பது பங்கு. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்குப் பிறகு, 2010 முதல் அது மாநிலப் பேரிடர் மீட்பு நிதி ஆனது. பதினைந்தாம் நிதிக் குழு ஒரு படி மேலே சென்று, மொத்தத் தொகையில் 80 விழுக்காட்டை மீட்புக்கும் 20 விழுக்காட்டைத் தணிப்புக்கும் பிரித்தது. ஆபத்து வருவதற்கு முன்பே செலவிட வேண்டிய பணம் என்று ஒரு பங்கு தனிக் கணக்காக நின்றது இதன் பிறகுதான்.

குப்பத்துக்கு வந்த உதவி

கடலோரக் குப்பங்களுக்கு அரசின் கவனம் தாமதமாகவே திரும்பியது. பிரெடெரிக் நிக்கல்சன் முயற்சியால் 1907இல் சென்னை மாகாண மீன்வள அமைப்பு தோன்றியது. கூட்டுறவுக் கடன் பற்றி முன்பே விரிவான அறிக்கை எழுதியவர் அவர். மீனவரின் கடனையும் கல்வியையும் மீன்பிடியோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவர் நோக்கு.

விசைப்படகுகள் வந்த பிறகு கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் கடலில் மோதல்கள் மூண்டன. அதன் விளைவாக வந்ததே 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். மீன் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம் 2001 முதல் 45 நாளாக இருந்து, 2017இல் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளாக நீண்டது. அந்த நாட்களுக்கான நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் வந்தது. இதற்கு இணையாக ஓடுவது சேமிப்பு – நிவாரணத் திட்டம். மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய அரசும் மாநில அரசும் தலா 1,500 சேர்த்து, பிடிப்பு இல்லாத மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. இதில் தன் பணமும் இருப்பதால், அந்தத் தொகையைக் கேட்டு வாங்கும் மீனவர் உரிமையோடு கேட்கிறார்.

அரசாணை 172

2004 டிசம்பர் 26 காலை இந்த நிதி வரலாற்றை இரண்டாகப் பிரித்தது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தனர். நாகப்பட்டினத்துக்கு நேர்ந்தது பெரும் அழிவு. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டக் கரையில் உயிரிழப்பு அதைவிடக் குறைவு என்றாலும் கோவளம் முதல் கல்பாக்கம் வரை படகுகளும் வலைகளும் வீடுகளும் போயின.

2005 மார்ச் 30 அன்று வெளியான வருவாய்த் துறை அரசாணை 172, மறுவாழ்வின் முகத்தை முடிவு செய்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் சேதமடைந்த வீட்டுக்காரர், அதற்கு அப்பால் குடியேறச் சம்மதித்தால் புது வீடு கிடைக்கும். பழைய இடத்திலேயே இருக்க விரும்பினால் தன் செலவில் பழுது பார்க்கலாம், அரசு உதவி இல்லை. ஒரு வீட்டின் மதிப்பு ஒன்றரை லட்சம் ரூபாய். நிலத்தை அரசு தர, பல ஊர்களில் தொண்டு நிறுவனங்கள் கட்டித் தந்தன. பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட்டது.

இந்த ஆணையில் நன்மையும் சிக்கலும் கலந்தே இருந்தன. கூட்டுப் பட்டா, குப்பத்துப் பெண்களுக்கு முதன்முறையாகச் சொத்தில் எழுத்துபூர்வமான இடம் தந்தது. அதே சமயம், கரையில் படகையும் இஞ்சினையும் வலையையும் வைத்துவிட்டுச் சாலைக்கு மேற்கே தூங்கப் போவது மீனவருக்குக் கடினம். கடலின் நிறத்தையும் காற்றின் போக்கையும் விடியுமுன் பார்த்துத் தொழிலுக்குப் போகும் வாழ்க்கை அது. உயிருக்குப் பாதுகாப்பான தூரம், பிழைப்புக்குத் தூரமாகிவிட்டது.

இன்னொரு குறையும் பதிவாகியுள்ளது. பயனாளிப் பட்டியல்கள் பெரும்பாலும் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் வழியே தயாராயின. தம் மக்களை நன்கு அறிந்த அமைப்புகள் அவை. பட்டியல் விரைவில் முடிந்ததும் அவற்றால்தான். ஆனால் காயலில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும், கரையில் கூலி வேலை செய்த தலித் குடும்பங்களும் பல ஊர்களில் விடுபட்டதைச் சுனாமிக்குப் பிந்தைய கள அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சுட்டின. படகு இழந்தவருக்குப் படகு என்று கணக்கிடும் மானியம், படகே இல்லாதவரின் இழப்பைக் காணாது.

மண்பானையில் ஒரு பாதுகாப்புத் திட்டம்

அந்த இருளர் சமூகத்திடமிருந்தே மாற்று வழிக்கான சிறந்த சான்று கிடைக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் பாம்புத் தோல் வணிகம் நின்றபோது, இருளர்களின் பிழைப்பும் நின்றது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்குகிறது. மாநிலத் தொழில் துறையின் கண்காணிப்பும் வனத் துறையின் உரிமமும் அதற்கு உண்டு.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உறுப்பினர்கள் பிடித்து வருகிறார்கள். பாதி மணல் நிரப்பிய மண்பானையில் பாம்பை விட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். சில வாரங்களில் சில முறை நஞ்சு எடுத்த பின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு அதைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்த நஞ்சிலிருந்து உருவாகும் மருந்துதான் நாடெங்கும் பாம்புக்கடிக்கு ஆளானவர்களைப் பிழைக்க வைக்கிறது. 2023இல் இருளர் பாம்பு பிடிப்பாளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சுனாமிப் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாத சமூகம், பொதுப் பாதுகாப்பின் தூணாக இங்கே நிற்கிறது. அரசு இங்கே தந்தது பெரும் பணமன்று. உரிமமும் சட்டப் பாதுகாப்பும் ஒரு கூட்டுறவின் வடிவமும்தான்.

மையங்களும் முகத்துவாரமும்

சுனாமிக்குப் பின் உலக வங்கிக் கடனுதவியுடன் முதலில் மறுகட்டமைப்பும், 2013 முதல் கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டமும் நடந்தன. கடலோர மாவட்டங்களில் 121 பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் எழுந்தன. 2007இல் ஐதராபாத்தில் தொடங்கிய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் கடலைக் கண்காணிக்கிறது. ஊர்தோறும் முதல்நிலைப் பொறுப்பாளர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தபோது, முன்னெச்சரிக்கையும் கரையோர மக்களை இடம் மாற்றியதும் பலன் தந்தன.

ஓராண்டு கழித்து மிக்ஜாம் புயலின் மழை தென்சென்னைப் புறநகரை மூழ்கடித்தது. குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் என்று சென்னையிலும், தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் உள்ளிட்ட செங்கல்பட்டு மாவட்டப் பகுதிகளிலும் ரேஷன் கடைகள் வழியே டோக்கன் கொடுத்துப் பணம் வழங்கப்பட்டது. வீட்டில் சேறு படிந்த குடும்பத்துக்கு அது உடனடி ஆறுதல். ஆனால் அந்த வெள்ளத்தின் ஒரு பெரும் பகுதி வடிய வேண்டிய வழி முட்டுக்காட்டு முகத்துவாரம். கோடையில் மணல்திட்டு அதன் வாயை அடைக்கிறது. நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்களும் ஆக்கிரமிப்புகளும் பக்கிங்காம் கால்வாயை ஒடுக்கியுள்ளன. வாய் அடைபட்டால் காயலில் உவர்நீரின் ஏற்ற இறக்கமும் நின்று, இறால் பிடிப்போரின் பிழைப்பும் கெடுகிறது. முகத்துவாரத்தைத் திறந்து வைப்பது வெள்ளத் தடுப்பும் வாழ்வாதாரத் திட்டமும் சேர்ந்த ஒரே வேலை.

ஆபத்துக்கு முன்பே ஒதுக்கப்பட்டுக் காத்திருக்கும் பணம் என்ன செய்யும் என்பதற்கு இதே மாவட்டத்தில் இன்னொரு சான்று உண்டு. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவர் என்று பாராமல், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவில் ஒரு லட்சம் ரூபாய் வரை அரசு ஏற்றது. பணம் கட்டினால்தான் சிகிச்சை என்ற தயக்கத்தில் கரையும் நிமிடங்களை இது மிச்சப்படுத்துகிறது.

முடிவுரை

இந்தச் சான்றுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, தணிப்புக்கென ஒதுக்கும் 20 விழுக்காட்டை ஆபத்து இல்லாத ஆண்டிலும் கைவைக்காமல் காக்க வேண்டும். 1878இன் காப்பு மானியத்துக்கு நேர்ந்தது மீண்டும் நேரக் கூடாது. இரண்டாவது, கட்டடம் எழுப்பும் பணத்தோடு பராமரிப்புப் பணமும் ஆண்டுதோறும் ஊருக்கு வர வேண்டும். பாதுகாப்பு மையத்தின் சாவியும், முகத்துவாரம் தூர்வாரும் காலத்தை முடிவு செய்யும் வாய்ப்பும் ஊராட்சி, மீனவர் பஞ்சாயத்து, பெண்கள் குழுக்கள் ஆகியவற்றின் கூட்டுப் பொறுப்பில் இருப்பது நல்லது. மூன்றாவது, இழந்த பொருளை மட்டும் எண்ணாமல், இழந்த வேலை நாட்களையும் எண்ணும் பட்டியல் வேண்டும். காயலை நம்பி வாழும் இருளர் குடும்பம் அப்போதுதான் அந்தக் கணக்கில் வரும்.

முட்டுக்காடு போன்ற ஓர் ஊரில் அடுத்த புயலுக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மையத்தில் குடிநீரும் கழிப்பறையும் இருக்கின்றனவா, பட்டியலில் எல்லோரும் இருக்கிறார்களா? ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் கிராம சபையில் இவற்றுக்குக் கணக்கோடு பதில் சொல்வதை அரசு தன் கடமையாக ஏற்க வேண்டும்.